மாலத்தீவு ரிசார்ட்: 2,000 டாலர் அறை 3,670 டாலராவது எப்படி? முன்பதிவுக்கு முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: தேனிலவு, 25ஆம் ஆண்டு மணநாள், பிள்ளைகளின் பொதுத்தேர்வு முடிந்த பிறகு ஒரு குடும்பச் சுற்றுலா என ஏதேனும் ஒரு காரணத்துக்காகப் பல ஆண்டுச் சேமிப்பை நான்கே இரவுகளில் செலவிட இந்தியக் குடும்பங்கள் இன்று தயங்குவதில்லை. ஆசியக் கடற்கரைகளில் அந்தப் பணம் அதிகம் சென்று சேரும் இடங்களில் ஒன்று மாலத்தீவு. 2023ஆம் ஆண்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்குச் சென்றனர். அந்த ஆண்டு மாலத்தீவுக்கு அதிகப் பயணிகளை அனுப்பிய நாடு இந்தியாதான். 2024 தொடக்கத்தில் எழுந்த அரசியல் சர்ச்சையால் எண்ணிக்கை சரிந்தபோதும், இந்தியர்களின் விருப்பப் பட்டியலில் இருந்து அந்நாடு நீங்கிவிடவில்லை.

ஆனால், மாலத்தீவில் ரிசார்ட் தேர்வு செய்வது கோவாவிலோ கோவளத்திலோ விடுதி தேர்வு செய்வது போன்றதன்று. 1972ஆம் ஆண்டு குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்ட காலம் தொட்டு, 'ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்' என்ற முறையிலேயே அங்குச் சுற்றுலா வளர்ந்துள்ளது. ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் இன்று 170க்கும் மேற்பட்ட ரிசார்ட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனித் தீவுகள். உணவு பிடிக்கவில்லை என்றால் தெருமுனைக் கடைக்குச் செல்ல முடியாது, தெருவே கிடையாது. குடிநீர், மருந்து, படகு, இரவு உணவு என அனைத்துக்கும் அந்த ஒரே நிர்வாகத்தைத்தான் நாட வேண்டும். எனவே முன்பதிவின்போது செய்யும் பிழையை அங்குச் சென்ற பிறகு திருத்த இயலாது.

இரண்டு கூட்டல் குறிகளின் விலை: முன்பதிவுத் தளங்களிலும் முகவர்கள் அனுப்பும் விலைப்பட்டியலிலும் அறை வாடகைக்குப் பக்கத்தில் '++' என்ற குறி காணப்படும். அது சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதைக் குறிக்கிறது. மாலத்தீவில் சேவைக் கட்டணம் பொதுவாக 10 சதவீதம். சுற்றுலாத் துறைக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2023 ஜனவரியில் 16 சதவீதமாகவும், 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. இவ்வரி, வாடகையுடன் சேவைக் கட்டணத்தையும் கூட்டிய தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. ஆகவே கூடுதல் சுமை 27 சதவீதம் அன்று, 28.7 சதவீதம்.

இதற்கு மேல் பசுமை வரி. 2025 ஜனவரி முதல் இது இரு மடங்காக்கப்பட்டு, ரிசார்ட்டுகளில் ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் வசூலிக்கப்படுகிறது. இது அறைக்கான வரி அன்று, ஆளுக்கான வரி என்பதால் நால்வர் கொண்ட குடும்பம் இருவர் செலுத்துவதைப் போல் இரு மடங்கு செலுத்த நேரிடும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஓர் இரவுக்கு 500 டாலர் என்று காட்டப்படும் அறையை ஒரு தம்பதியர் தேர்ந்தெடுக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் சேர்ந்ததும் அது 550 டாலர். 17 சதவீத வரி சேர்ந்தால் 643.50 டாலர். இருவருக்கான பசுமை வரியுடன் 667.50 டாலர். நான்கு இரவுகளுக்கு 2,670 டாலர். கடல் விமானத்தில் சென்று திரும்ப ஆளுக்கு 500 டாலர் என்று கொண்டால், மொத்தம் 3,670 டாலர் ஆகிறது. திரையில் தெரிந்த தொகையோ 2,000 டாலர் மட்டுமே. இந்தக் கணக்கில் மதிய உணவு இன்னும் சேரவில்லை. தீவில் ஏற்படும் செலவுகளைக் கடன் அட்டையில் டாலராகச் செலுத்தும்போது, அந்நியச் செலாவணி மாற்றுக்காக வங்கி எடுத்துக்கொள்ளும் கட்டணமும் உண்டு.

ஆகவே இரு ரிசார்ட்டுகளை ஒப்பிடும்போது அறை வாடகையை ஒப்பிடுவதில் பொருளில்லை. அனைத்து வரிகளும், விமான நிலையத்தில் இருந்து தீவுக்குச் சென்று திரும்பும் செலவும் அடங்கிய இறுதித் தொகையை எழுத்து வடிவில் பெற்று, அதையே ஒப்பிட வேண்டும். 400 டாலர் அறை 550 டாலர் அறையைவிட அதிகச் செலவு வைப்பது அங்கு அரிய நிகழ்வு அன்று.

விமானம் இறங்கும் நேரம்: தலைநகர் மாலேக்கு அருகில் உள்ள வெலானா சர்வதேச விமான நிலையத்தில் இருந்து ரிசார்ட்டுகளுக்குச் செல்ல மூன்று வழிகள் உள்ளன. அருகில் உள்ள தீவுகளுக்கு விரைவுப் படகு. தொலைவில் உள்ளவற்றுக்குக் கடல் விமானம். வடக்கிலும் தெற்கிலும் வெகு தொலைவில் உள்ளவற்றுக்கு உள்நாட்டு விமானத்தில் சென்று, அங்கிருந்து படகில் செல்ல வேண்டும்.

இவற்றுள் கடல் விமானப் பயணம் அழகானது. நீல நீர்ப்பரப்பில் வளையங்களாக விரியும் பவளத் தீவுகளை வானில் இருந்து காண்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுப்போர் உண்டு. ஆனால் அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே இயங்கும். சர்வதேச விமானம் பிற்பகல் மூன்றரை மணியைத் தாண்டித் தரையிறங்கினால் அன்றைய கடைசிக் கடல் விமானம் கிடைப்பது உறுதியில்லை. இதை அறியாமல் மலிவான மாலை நேர விமானத்தில் பயணச்சீட்டு வாங்குவோர், முதல் இரவை மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தனிச் செலவில் கழிக்க நேரிடும். ரிசார்ட்டில் அதே இரவுக்கான வாடகையும் செலுத்தப்பட்டிருந்தால் அது வீண். திரும்பும் நாளிலும் இதே சிக்கல் உண்டு. அதிகாலையில் ஊர் திரும்பும் விமானம் என்றால், முந்தைய மாலையே தீவை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

கடல் விமானத்தின் நேரம் பெரும்பாலும் முந்தைய மாலையில்தான் உறுதி செய்யப்படுகிறது. 15 பேர் அளவில் மட்டுமே அமரக்கூடிய அவ்விமானங்கள் வழியில் வேறு தீவுகளிலும் இறங்கிச் செல்லும் என்பதால், காத்திருப்பு இரண்டு மூன்று மணி நேரம் வரை நீளலாம். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்ற வரம்பும் பின்பற்றப்படுகிறது. மூன்றே இரவுகள் தங்கத் திட்டமிடுவோரும், கைக்குழந்தையுடன் செல்வோரும் விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையும் ரிசார்ட்டைத் தேர்வு செய்வதே நல்லது. அவ்வகைப் படகுகள் பொதுவாக இரவிலும் இயங்குகின்றன, செலவும் குறைவு.

தீவுக்குள் கடிகாரமும் மாறும் என்பது பலர் அறியாத செய்தி. மாலே நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி பின்தங்கியது. ஆனால் விருந்தினருக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று சில ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கின்றன. புறப்படும் நேரத்தைக் கேட்டறியும்போது அது மாலே நேரமா, தீவு நேரமா என்பதையும் கேட்டுக்கொள்வது பதற்றத்தைத் தவிர்க்கும்.

உணவுத் திட்டம்: காலை உணவு மட்டும், இரு வேளை, மூன்று வேளை, பானங்கள் உட்பட அனைத்தும் என நான்கு வகைத் திட்டங்கள் உள்ளன. மீன், தேங்காய் தவிர்த்த பெரும்பாலான உணவுப் பொருட்கள் கப்பலிலும் விமானத்திலும் இறக்குமதியாகின்றன என்பதால், தனியே வாங்கும் ஒவ்வொரு வேளை உணவும் விலை மிகுந்தது. மேற்சொன்ன வரியும் சேவைக் கட்டணமும் உணவுச் சீட்டுக்கும் பொருந்தும். இரு வேளைத் திட்டம் மலிவாகத் தோன்றினாலும், பல இடங்களில் இரவு உணவின்போது அருந்தும் பானங்கள் அதில் அடங்காது. மது அருந்தாத குடும்பத்துக்கு, அனைத்தும் அடங்கிய திட்டத்தைவிட மூன்று வேளைத் திட்டம் பொருத்தமாக இருக்கக்கூடும். விமான நிலையக் கடையில் மது வாங்கிச் சென்று செலவைக் குறைக்கலாம் என்ற எண்ணமும் பலிக்காது. மாலத்தீவுக்குள் மது கொண்டுவரத் தடை உள்ளது. சுங்கத் துறை அதை வாங்கி வைத்து, நாடு திரும்பும்போதுதான் தரும்.

சைவ உணவு உண்போர், குறிப்பாக வெங்காயம், பூண்டு தவிர்க்கும் சமண உணவு முறையினர், 'இந்திய உணவு கிடைக்கும்' என்ற ஒற்றை வரியை நம்ப வேண்டாம். அது வாரத்தில் ஒரு நாள் நடைபெறும் இந்திய விருந்தாக இருக்கலாம். இந்தியச் சமையற்கலைஞர் பணியில் உள்ளாரா, நாள்தோறும் சைவ உணவு கிடைக்குமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் பெறுவது பாதுகாப்பானது.

பருவமும் காற்றின் திசையும்: டிசம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை வறண்ட, அமைதியான காலம். விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் சிறப்பு விருந்துக்கான கட்டணம் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதும் வழக்கம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். விலை கணிசமாகக் குறையும். ஆனால் கடல் கொந்தளிக்கும், வானம் நாள்கணக்கில் மூடியிருக்கக்கூடும்.

அந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கை மீன்கள் கூட்டமாக இரை தேடி வருவது ஏறக்குறைய மே முதல் நவம்பர் வரையிலான அதே பருவத்தில்தான். 2011இல் அப்பவளத்தீவுக் கூட்டத்தை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்கு ஆழ்கடல் மூழ்கலுக்கு அனுமதி இல்லை. மூச்சுக்குழாய் பொருத்தி நீர்ப்பரப்பில் நீந்தியே அவற்றைக் காண வேண்டும். திருக்கைகளைக் காண்பதே நோக்கம் என்றால், மழைக்காலமே ஏற்ற காலம்.

எந்தப் பருவமானாலும், அறை தீவின் எந்தப் பக்கம் அமைந்துள்ளது என்பதைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. தென்மேற்குப் பருவத்தில் மேற்குப் பக்க அறைகள் காற்றையும் அலையையும் நேரடியாக எதிர்கொள்ளும். சூரிய அஸ்தமனம் தெரியும் என்பதற்காகக் கூடுதல் பணம் செலுத்திப் பெற்ற அறையில், கதவைத் திறக்க இயலாத நிலை ஏற்படலாம். வடகிழக்குக் காற்றின் காலத்தில் கிழக்குப் பக்கத்துக்கு இது பொருந்தும். தீவைச் சுற்றியுள்ள மணலும் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிறது. பிப்ரவரியில் எடுத்த படத்தில் அகன்று கிடக்கும் கடற்கரை, ஆகஸ்டில் சில அடியாகச் சுருங்கியிருப்பது உண்டு.

நீர்மேல் குடிலா, பவளப் பாறையா: விளம்பரப் படங்களில் காணப்படும் நீர்மேல் குடில்கள் பெரும்பாலும் வெண்மணல் பரவிய, ஆழமற்ற, அகன்ற காயல்களின் மீது கட்டப்படுகின்றன. படம் அழகாக அமைவதற்கும் அதுவே காரணம். ஆனால் அத்தகைய காயலில் மீனும் பவளமும் குறைவு. பவளப் பாறை செங்குத்தாக இறங்கும் விளிம்பு கரையில் இருந்து சில பத்து மீட்டர் தொலைவில் உள்ள தீவுகளில்தான், படகு இன்றியே வண்ண மீன்களையும் ஆமைகளையும் காண இயலும். இரண்டும் ஒருசேர அமைந்த தீவுகள் குறைவு; எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 1998, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் உயர்ந்து பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போயின என்பதால், பழைய பயணக் குறிப்புகளைவிட அண்மையில் சென்று வந்தோரின் நீரடிப் படங்களே நம்பத்தக்கவை.

நீந்தத் தெரியாத சிறுவர்களுடன் செல்வோருக்குக் கரையோரக் குடில்களே ஏற்றவை. நீர்மேல் குடில்களின் படிகள் நேரே கடலில் இறங்குகின்றன. குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அக்குடில்களில் அனுமதிக்காத ரிசார்ட்டுகளும் உள்ளன.

மாலத்தீவு மட்டுமே தீர்வு இல்லை. இந்தியப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் செல்வோருக்கு, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலநிலை கொண்ட இந்தோனேசியாவின் பாலி பொருத்தமானது. அங்கு வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 21 சதவீதம் வரை வரும். தாய்லாந்தில் இது 17.7 சதவீதம். ஆனால் அங்கும் கடலைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். அந்தமான் கடலோரத்தில் உள்ள புக்கெட் மே முதல் அக்டோபர் வரை மழையில் நனையும். வளைகுடாப் பக்கம் உள்ள கோ சமூயில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். இவ்விரு நாடுகளிலும் ரிசார்ட்டை விட்டு வெளியே சென்று உண்ண முடியும் என்பது செலவைக் கட்டுக்குள் வைக்கும்.

பணம் செலுத்தும் முன்: மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் அறைகள் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காத நிபந்தனையுடன் வருகின்றன. எத்தனை நாட்களுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்பதையும், மோசமான வானிலையால் கடல் விமானம் இயங்காவிட்டால் இழக்கும் இரவுக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே அறிய வேண்டும். இந்திய நிறுவனத்திடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் எனப்படும் வரி வசூலிக்கப்படும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இதன் விகிதம் பின்னர் மாற்றப்பட்டுள்ளதால், நடப்பு விகிதத்தை முகவரிடம் கேட்டறியலாம். இத்தொகை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யத்தக்கது என்பதால், அதற்கான சான்றைத் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இத்தனை செலவும் இயலாதோருக்கு இன்னொரு வழி உண்டு. மாஃபுஷி போன்ற, உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இயங்குகின்றன. 50 அல்லது அதற்குக் குறைவான அறைகள் கொண்ட இல்லங்களில் பசுமை வரி ஒருவருக்கு 6 டாலர் மட்டுமே. மது கிடையாது; நீச்சலுடைக்கெனத் தனிக் கடற்கரை ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கு இரண்டு இரவுகள், ரிசார்ட்டில் இரண்டு இரவுகள் எனப் பிரித்துக்கொள்வோர் பெருகி வருகின்றனர். அவ்வாறு திட்டமிடுவோர், வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலான பொதுப் படகுகள் இயங்காது என்பதைக் கருத்தில் கொண்டு நாட்களை வகுக்க வேண்டும்.