ஜிப்மருக்கும் வேலைக்கும் மட்டும்தானா பாண்டி? காசு கரையாமல் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம்!

விழுப்புரம்:-

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் புதுச்சேரி கூப்பிடு தூரம். இரண்டு ஊரில் இருந்தும் சுமார் 40 கிலோ மீட்டர்தான். கம்பெனி வேலை, கட்டிட வேலை, ஜிப்மர் ஆஸ்பத்திரி என்று தினமும் ஏராளமானோர் போய் வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் ஊர் அது. ஆனால் நம்ம ஆட்களில் பலர் அதை நின்று பார்த்ததே இல்லை. கேட்டால், "பாண்டி போனா பர்ஸ் காலி" என்பார்கள்.

உண்மையில் அங்கு பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் டிக்கெட்டே கிடையாது.

எப்படி போவது?

விழுப்புரத்தில் இருந்து வளவனூர், வில்லியனூர் வழியாக பாசஞ்சர் ரெயில் போகிறது. இந்த ரெயில் பாதை 1879-ல் போடப்பட்டது. ரெயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே சிவப்பும் வெள்ளையுமாக உயர்ந்து நிற்கும் இருதய ஆண்டவர் ஆலயம். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். திண்டிவனத்துக்காரர்களுக்கு கிளியனூர், திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு வழியாக பஸ் வசதி உள்ளது.

தெரு ஏன் நூல் பிடித்தது போல இருக்கிறது?

1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கு வியாபாரம் செய்ய வந்தனர். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரை பிடித்தனர். குறுக்கும் நெடுக்குமாக நேர் தெருக்கள் போட திட்டம் வரைந்தது அவர்கள்தான். 1699-ல் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்து தள்ளினர். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதே தெருக்களில் மறுபடி கட்டினார்கள்.

நடுவில் ஓடும் கால்வாய்தான் எல்லை. கடல் பக்கம் மஞ்சள், வெள்ளை சுவர் வைத்த பிரெஞ்சு வீடுகள். மேற்கு பக்கம் திண்ணை வைத்த தமிழ் வீடுகள். தெற்கே முஸ்லிம்கள் வாழும் முல்லா வீதி, காஜியார் வீதி. மணக்குள விநாயகர் கோவில், மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோவில், பள்ளிவாசல் எல்லாம் நடக்கிற தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம்ம மாவட்டத்து கதை

புதுச்சேரி வேறு அரசு. ஆனால் கதை நம்ம மண்ணோடு சேர்ந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக்கோட்டையை பிடித்து, 1761 வரை கையில் வைத்திருந்தனர். கடற்கரையில் காந்தி சிலையை சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியில் இருந்து கொண்டு வரப்பட்டவை என்று சொல்வார்கள்.

ஊர் இந்தியாவுடன் சேர்ந்ததும் விழுப்புரத்துக்கு பக்கத்து கிராமத்தில்தான். வில்லியனூர் அருகே கீழூரில் 1954 அக்டோபர் 18-ந்தேதி ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டு போட்ட 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய சம்மதித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அங்கு நினைவிடம் உள்ளது. 1962-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதனால்தான் பிரான்ஸ் தேர்தலுக்கு இன்றும் புதுச்சேரியில் தமிழர்கள் ஓட்டு போடுகிறார்கள்.

உலகமே பேசும் ஆரோவில்லின் பெரும்பகுதி இருப்பது விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில். 1968 பிப்ரவரி 28-ந்தேதி 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் போட்டு தொடங்கினார்கள். தங்க உருண்டை போன்ற மாத்ரி மந்திரை வெளியில் இருந்து பார்க்க கட்டணம் இல்லை. உள்ளே போகத்தான் முன்பதிவு வேண்டும். திண்டிவனத்தில் இருந்து வருவோர் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கி இங்கு போகலாம்.

ஒரு நாள் கணக்கு

காலையில் கோவில், சர்ச். 12 மணிக்குள் அரவிந்தர் ஆசிரமம். மதியம் 12 முதல் 2 மணி வரை அங்கு அனுமதி இல்லை. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் விடமாட்டார்கள். பிறகு கட்டுச்சோறை பிரிக்க பாரதி பூங்கா. நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபம்தான் ஆயி மண்டபம். குளம் வெட்ட தன் வீட்டையே இடித்துக்கொடுத்த ஆயி என்ற பெண்ணின் பெயர் அது என்று கதை உண்டு. பக்கத்து மியூசியத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியர் கால பொருட்களை பார்க்கலாம். திங்கட்கிழமை லீவு.

1908 முதல் 10 வருடம் பாரதியார் இந்த ஊரில்தான் அடைக்கலமாக இருந்தார். அவர் வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதி வீடு இப்போது நினைவு இல்லம். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி துணிமணி வாங்கலாம். மாலை 6 மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். பிள்ளைகள் பயமின்றி ஓடி விளையாடலாம்.

கடலில் இறங்காதீங்க!

ஆனால் கடலில் மட்டும் வேண்டாம். 1980-களின் கடைசியில் துறைமுக முகத்துவாரத்தில் கல் கொட்டியதும், தெற்கில் இருந்து வரும் மணல் தடைபட்டு நகர கடற்கரை கரைந்தது. கரையை காப்பாற்ற போட்ட பாறாங்கற்கள்தான் இன்று பீச் ஓரம் கிடப்பவை. அதில் பாசி பிடித்து வழுக்கும். கால் இடறினால் அலை இழுத்து கல்லிலேயே மோதும். மற்ற கடற்கரைகளிலும் குளிக்க இறங்கி உயிர் விட்டவர்கள் உண்டு. நீச்சல் தெரிந்தவரும் அதில் அடக்கம். ஏரி, கிணற்றில் பழகிய நீச்சல் கடலின் இழுப்புக்கு ஈடு கொடுக்காது. குடித்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து.

வரும்போது பையில் பாட்டில் வைத்து கொண்டு வந்தால் எல்லை செக்போஸ்ட்டில் வழக்கு பாயும். கையில் பொம்மையும் பலூனுமாக வந்தால், வீட்டிலும் சந்தோஷம், பர்சுக்கும் சேதாரம் இல்லை.