பெயர்ப்பலகையை மாற்றினால் நூலகம் மாறிவிடாது

உபுண்டு 22.04 வெளிவந்ததும், அதுவரை ஓடிய பல நிரல்கள் ஒரே புகாரோடு நின்றன: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்ற பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை. அந்த நூலகம் ஓபன்எஸ்எஸ்எல் 1.1-ஐச் சேர்ந்தது; புதிய வெளியீட்டில் இருந்தது ஓபன்எஸ்எஸ்எல் 3. பெயரின் வாலிலுள்ள எண் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. எண் மாறினால், பழைய நிரல் எதிர்பார்க்கும் ஃபங்ஷன்களும் தரவு அமைப்பும் இனி அப்படியே இருக்காது என்று பொருள். இருந்தும் பலர் புதிய கோப்புக்குப் பழைய பெயரில் சிம்லிங்க் போட்டுப் பார்த்தார்கள். ஓபன்எஸ்எஸ்எல் தன் ஃபங்ஷன்களுக்குப் பதிப்புக் குறி இட்டிருப்பதால், நூலகங்களை ஏற்றும் லோடர் அதை ஏற்கவில்லை. அது நல்லதுதான். அத்தகைய குறி இல்லாத நூலகத்தில் இதே வேலையைச் செய்தால் நிரல் ஓடத் தொடங்கும். பிறகு நடுவழியில் விழும், அல்லது சத்தமில்லாமல் தவறான விடை தரும். பிழைச்செய்தியை அடக்குவது பழுதுபார்ப்பது ஆகாது.

அடக்கும் மற்ற வழிகளும் ஆபத்தானவையே. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிந்துவிட்டது. எங்கோ கிடைத்த பழைய கோப்பை நிறுவுகிறவர், இனித் திருத்தம் வராத ஓட்டைகளையும் சேர்த்தே நிறுவுகிறார். அதைத் தந்தவர் யாரென்றே தெரியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஏற்றப்பட்ட கணமே நூலகத்தின் தொடக்கக் குறியீடு அந்த நிரலின் முழு அதிகாரத்தோடு இயங்கும். நூலகங்களை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியை நிரந்தரமாக அமைப்பதும் அப்படித்தான். காலியான மாறியோடு முக்காற்புள்ளி வைத்து ஒரு பாதையை ஒட்டினால், அந்த வெற்றிடம் ‘இப்போது நிற்கும் அடைவு’ என்று கொள்ளப்படும். பிறர் எழுதக்கூடிய அடைவில் நின்று கட்டளை கொடுத்தால், அங்கே வைத்த போலி நூலகமும் ஏற்றப்படலாம்.

நோயைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ‘ரீட்எல்ஃப் -டி’ எந்த நூலகம் தேவை, எந்தப் பாதை பதிந்திருக்கிறது என்று காட்டும்; ‘எல்டிகான்ஃபிக் -பி’ லோடருக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிடும். தேவையான நூலகங்களைக் காட்டும் ‘எல்டிடி’ கட்டளை நம்பகமற்ற நிரலில் வேண்டாம். சில சூழலில் அது நிரலையே இயக்கிவிடும். நீங்களே கட்டிய நிரல் இணைப்பில் வென்று ஓட்டத்தில் தோற்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: ‘-எல்’ சொன்ன பாதை இணைப்பானுக்கு மட்டுமே, லோடருக்கு அல்ல. யூஎஸ்ஆர் லோக்கலில் நிறுவியபின் ‘எல்டிகான்ஃபிக்’ ஓட்டுங்கள். தனி அடைவென்றால் அதை ஆர்பாத்தில், அதாவது நிரலுக்குள்ளேயே இருக்கும் தேடல் பாதையில், பதியுங்கள்.

எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். ஒரு சிறு கருவிக்கு அது சரி. ஆனால் 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, பகிர்வு நூலகத்தை நம்பிய நிரல்களுக்கு அந்த நூலகத்தைப் புதுப்பித்துச் சேவைகளை மறுதொடக்கம் செய்தால் ஓட்டை அடைபட்டது. உள்ளே புதைத்தவை ஒவ்வொன்றையும் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. மூலக்குறியீடு கைவசம் இல்லாத நிரலை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. பழைய நூலகத்தை அந்த நிரலுக்கு மட்டும் தனி அடைவிலோ கண்டெய்னரிலோ அடைத்து, வலையிணைப்பைத் துண்டித்து, விற்றவரிடம் புதிய வெளியீட்டைக் கேளுங்கள். உள்ளே இருப்பது எல்ஜிபிஎல் உரிமத்திலுள்ள நூலகம் என்றால் உங்கள் கை இன்னும் ஓங்கும்: திருத்திய நூலகத்தோடு நிரலை மறுபடி இணைத்துக்கொள்ள அந்த உரிமம் வழிவிடுகிறது. நிலையாக இணைத்து விற்றவர், அதற்குத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தரக் கடமைப்பட்டவர். அவற்றை எழுத்துமூலம் கேளுங்கள்.