திருவிழா ஒலிபெருக்கிச் செட்டுகளில் ஆற்றல் வெற்றிடக் குழல்கள்: வாழப்பாடி வட்டார வழக்கை முன்வைத்து ஓர் ஒப்பீடு

முன்னுரை

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் அமைந்த வாழப்பாடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் மாரியம்மன் பண்டிகை, திருமணம், காதுகுத்து, அரசியல் கூட்டம் என எது நடப்பினும் மைக்செட் அமைப்பது வழக்கம். டிரான்சிஸ்டர் பரவுவதற்கு முன்னர் இத்தகைய செட்டுகளின் பெருக்கிகளில் ஒலிக்கு ஆற்றல் ஊட்டியவை வெற்றிடக் குழல்களே. பேச்சு வழக்கில் அவை ‘வால்வு’ எனப்பட்டன. இன்று வால்வு பெருக்கியை நாடுவோர் பெரும்பாலும் வீட்டில் இசை கேட்போர். அவர்களிடையே மும்முனையக் குழலே (டிரையோடு) தலைசிறந்தது என்னும் கருத்து வலுவாக உள்ளது. அம்மதிப்பீட்டைத் திருவிழாச் செட்டின் மீது ஏற்றுவது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. குழலின் தகுதி அதன் இனிமையை மட்டும் கொண்டு அளக்கத்தக்கதன்று. அது எதை இயக்க வேண்டியிருந்தது என்பதையும் கொண்டே அளக்கப்பட வேண்டும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு: மக்கள் ‘குழாய்’ என்பது மரத்திலும் கம்பத்திலும் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை. இக்கட்டுரையில் ‘குழல்’ என்பது வால்வையும் ‘குழாய்’ என்பது கூம்பையும் குறிக்கும்.

குழல் வகைகள்

1906-இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மும்முனையக் குழலில் எதிர்மின்வாய், கட்டுப்பாட்டு வலை, நேர்மின்வாய் ஆகிய மூன்று மட்டுமே உண்டு. இவ்வகையில் இன்று பெரிதும் போற்றப்படுவது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 300பி. இதன் உள்மின்தடை ஏறத்தாழ 700 ஓம் மட்டுமே. ஆகவே ஒலிபெருக்கியை நன்கு கட்டுப்படுத்தும். ஆயினும் தனிக்குழலாக இயங்கும்போது இது தருவது சுமார் 8 வாட்.

பிலிப்ஸ் ஆய்வகத்தில் டெலகென் 1926-இல் வடிவமைத்த ஐம்முனையக் குழலில் (பென்டோடு) திரைவலை, அடக்குவலை என மேலும் இரண்டு வலைகள் சேர்ந்தன. குறைந்த உள்ளீட்டில் மிகுந்த ஆற்றல் பெற இது வழி செய்தது. ஈஎல் 84, ஈஎல் 34 ஆகியவை இம்மரபின. இணையாக இயங்கும்போது முன்னது ஏறத்தாழ 17 வாட்டும், பின்னது சாதாரண மின்னழுத்தத்தில் 35 வாட்டும் தரும். பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பின்னாளில் ஈஎல் 84-ஐ உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தது.

அடக்குவலைக்கு மாற்றாக எதிர்மின்னிகளைக் கற்றையாகக் குவிக்கும் தகடுகளைக் கொண்டது கற்றை நான்முனையக் குழல் (பீம் டெட்ரோடு). 1936-இல் ஆர்சிஏ வெளியிட்ட 6எல்6 இதன் முன்னோடி. 807 என்பது அதன் உறவினம், நேர்மின்வாய் இணைப்பு தலையுச்சியில் அமைந்தது. பிரித்தானியரின் கேடி 66, கேடி 88 ஆகியவையும் இவ்வகையே.

குழாயும் கம்பியும்

திருவிழாவில் பெருக்கி இருக்கும் இடம் வேறு, குழாய் இருக்கும் இடம் வேறு. பெருக்கி கோயில் பந்தலில் இருக்கும். குழாய்களோ ஊர் எல்லை மரம் வரை செல்லும். 50 வாட்டை 8 ஓம் சுமைக்கு நேராக அனுப்பினால் கம்பியில் 2.5 ஆம்பியர் ஓடும். போகவரச் செல்லும் கம்பியின் தடை 4 ஓம் எனில் அதிலேயே 25 வாட் வீணாகும். அதே ஆற்றலை 100 வோல்ட் வழித்தடத்தில் அனுப்பினால் ஓடுவது 0.5 ஆம்பியர், இழப்பு 1 வாட். பொது அறிவிப்புப் பெருக்கிகள் 100 வோல்ட் வெளியீட்டையும், குழாய்கள் தத்தம் சிறு மின்மாற்றியையும் கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

இவ்வேலைக்கு 8 வாட் போதாது. கூம்பு, வீட்டு ஒலிபெருக்கியைவிடப் பன்மடங்கு திறனுடையதாயினும் திறந்தவெளியில் பல குழாய்களைப் பங்கிட்டு இயக்க வேண்டும். மேலும் கூம்பு தாழ்ந்த சுருதிகளைப் பெரும்பாலும் கடத்துவதில்லை. மும்முனையத்தின் நுண்ணிய மேன்மை ஊர்க்கோடியில் கேட்பவர் செவிக்கு எட்டுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. எனவே கற்றைக் குழலும் ஐம்முனையமும் இணையிணையாகப் பயன்பட்டமை சிக்கனம் மட்டுமன்று, பொருத்தமும் ஆகும்.

இவற்றுக்கும் குறை உண்டு. 6எல்6-இன் உள்மின்தடை ஏறத்தாழ 22,500 ஓம். எதிர்ப்பின்னூட்டம் இல்லாவிடில் ஒரு குழாயைக் கூட்டினாலோ கழற்றினாலோ மற்றவற்றின் ஒலியளவு மாறிவிடும். கம்பி அறுந்து சுமையே இல்லாது போய், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருப்பின் வெளியீட்டு மின்மாற்றியில் மின்னழுத்தம் எகிறி அதன் காப்பு உடையக்கூடும், திரைவலையும் கருகும். சுமையின்றி வால்வு பெருக்கியை ஓட்டக்கூடாது என்னும் மெக்கானிக்குகளின் கண்டிப்பு மூடநம்பிக்கையன்று.

மாற்றுக் குழல் பொருத்துதல்

6எல்6, ஈஎல் 34, கேடி 66, கேடி 88 நான்கும் எட்டு முள் கொண்ட ஒரே தாங்கியில் அமரும். ‘உட்காருகிறது, ஆகவே ஓடும்’ என்னும் எண்ணம் இங்குதான் ஆபத்தாகிறது. 6எல்6-இன் சூடேற்றி 6.3 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் எடுக்கும். ஈஎல் 34 எடுப்பது 1.5, கேடி 88 எடுப்பது 1.6. இரண்டு குழல்களை ஈஎல் 34-ஆக மாற்றினால் 1.8 ஆம்பியர் தேவை 3 ஆம்பியராகிறது. விடிய விடிய ஓடும் பண்டிகையில் இந்தக் கூடுதல் சுமை மின்மாற்றியைச் சுடவைத்து எரிக்கப் போதுமானது.

முள்ளமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஈஎல் 34-இன் முதல் முள் அடக்குவலைக்குரியது. அது எட்டாம் முள்ளான எதிர்மின்வாயோடு இணைக்கப்பட வேண்டும். 6எல்6 பெருக்கிகள் சிலவற்றில் அம்முதல் முள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் வேறொரு கம்பியைப் பற்றவைக்கும் இடமாகப் பயன்பட்டிருக்கும். 6எல்6 என்ற பெயருக்குள்ளேயே வேற்றுமை உண்டு: முதல் வடிவத்தின் நேர்மின்வாய் தாங்கும் வெப்பம் 19 வாட், பிந்திய 6எல்6ஜிசி-யினது 30 வாட். பிந்தியதற்கென அமைந்த உயர்மின்னழுத்தப் பெருக்கியில் பழைய குழல் நீடிக்காது.

ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இக்குழல்கள் இன்றும் உற்பத்தியாகின்றன. ஆதலால் பழைய செட்டை மீண்டும் ஒலிக்கச் செய்வது இயலாததன்று. ஆயினும் வட்டாரச் செட்டுகளை ஆவணப்படுத்துவோர் பெருக்கியின் பெயரோடு நின்றுவிடுதல் போதாது. தற்போது செருகியுள்ள குழல் எது, அடித்தட்டில் அச்சிட்ட குழல் எது, முதல் முள்ளில் என்ன இணைந்துள்ளது, வெளியீடு 100 வோல்ட் வழித்தடமா நேர் ஓமா என்பவற்றையும் குறித்தல் வேண்டும். முதலிரண்டும் வேறுபட்டிருப்பின், அது பழுது பார்த்தவர் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த மாற்றமாகவே பெரும்பாலும் இருக்கும். அதையும் அழிக்காமல் பதிவு செய்த பின்னரே மின்னிணைப்புக் கொடுக்க வேண்டும்.