மூன்று சக்கர மோட்டார் வண்டியின் பிரேக்கில் காற்றுப் போக்கும் முறை

குன்றத்தூர், மாங்காடு முதலிய இடங்களைச் சுற்றிக் கீரையும் காய்கறியும் பயிரிடுவோர் தம் விளைபொருளை விடியுமுன் கோயம்பேடு சந்தைக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் அனுப்புகின்றனர். பாரமேற்றிய வண்டிக்குப் பிரேக்கே உயிர். ஆயினும் மிதி மெத்தென்று தாழ்ந்தால், இரண்டு மூன்று முறை அடித்து மிதித்துச் சமாளித்துக்கொண்டு போவோர் பலர். இவ்வழக்கம் மிக்க அபாயகரமானது. குறுக்கே மாடு வந்துவிட்டால் இரண்டாம் முறை மிதிக்க அவகாசம் இராது.

காரணம்.— இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில், மிதியின் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய்களில் நிறைந்துள்ள பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்குச் செல்லுகிறது. திரவம் அழுத்தத்தால் சுருங்குவதில்லை, காற்றோ சுருங்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பார்த்தால் இது விளங்கும். குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், மிதித்த பலம் அதைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. டீசல் எஞ்சினின் எண்ணெய்க் குழாயில் காற்று நின்றால், திருகைத் தளர்த்தி அதை வெளியேற்றுவது குடியானவர்கள் அறிந்ததே. இதுவும் அதைப் போன்றதே.

வேண்டியவை.— மூடிமேல் குறித்துள்ள வகையைச் சேர்ந்த, முத்திரை உடையாத புது பிரேக் ஆயில் (டாட் 3 அல்லது டாட் 4), பொருத்தமான ஸ்பானர், உள்ளே தெரியும் குழாய் ஒரு முழம், கண்ணாடிப் புட்டி, துணைக்கு ஓர் ஆள்.

செய்முறை.— வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்கவும். ஆயில் டப்பாவை மேற்குறி வரை நிரப்பவும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ளதில் முடிக்கவும்; வண்டியின் கைப்புத்தகம் வேறு வரிசை கூறின் அதையே பின்பற்றவும். சக்கரத்தின் உட்புறத் தகட்டிலுள்ள நிப்பிளைத் துடைத்து, குழாயை மாட்டி, மறுமுனையைப் புட்டியில் சிறிது ஊற்றிய ஆயிலில் மூழ்க வைக்கவும். துணையாள் மிதியை மூன்று நான்கு முறை மெதுவாய் அழுத்தி, பின் அழுத்தியபடியே இருத்தல் வேண்டும். அப்போது நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயிலும் குமிழிகளும் வெளிவரும், மிதியும் கீழிறங்கும். நிப்பிளை மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று மீண்டும் உட்புகும். குமிழிகள் அறவே நிற்கும் வரை இவ்வாறே செய்க. டப்பாவில் ஆயில் வற்றவிடலாகாது.

எச்சரிக்கை.— இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியளவிலேயே கொதிக்கக்கூடும். அந்த ஆவியும் காற்றைப் போலவே மிதியைத் தாழ்த்தும். ஆகையால் வெளிவந்த ஆயிலையும், நெடுநாள் திறந்திருந்த ஆயிலையும் உபயோகிக்கலாகாது. எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். வண்டியின் வர்ணத்தில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே நீரால் கழுவுக.

பரீட்சை.— மிதியை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கவும். கல்போல் நின்றால் நலம். மெல்லத் தாழுமாயின் எங்கேனும் கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. காற்றுப் போக்குவதால் அது தீராது. தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டும்வரை வண்டியை ஓட்டலாகாது. நலமாயினும், முதலில் பாரமின்றி வெறும் சாலையில் மெதுவாய் ஓட்டிப் பார்த்த பின்னரே சரக்கேற்றுக.

கிராம உத்தியோகஸ்தர்கள் இம்முறையை வண்டியுடையோருக்கு எடுத்துரைப்பார்களாயின் பெரும் உபகாரமாகும்.