எண்ணிய வாக்கை மீண்டும் எண்ணலாமா?

தேர்தல் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றது. அதனால் விளையும் மனக்கசப்போ ஐந்தாண்டுகள் நீடிக்கின்றது. உள்ளாட்சித் தேர்தலைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. சட்டமன்றத்திற்கு நிற்பவரை நாம் மேடையில்தான் காண்கிறோம். வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்பவரோ நம் தெருக்காரர், நம் உறவினர், ஞாயிறு திருப்பலியில் நமக்கு அடுத்த வரிசையில் அமர்பவர். அவர் சில வாக்குகளில் தோற்றுவிட்டால், "எண்ணிக்கையில் ஏதோ செய்துவிட்டார்கள்" என்னும் பேச்சு தேநீர்க் கடையில் பிறந்து, வீட்டுச் சமையலறை வரை வந்து சேர்கின்றது.

பல்லாவரம் வாழ் மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து, 2021ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அதன் 70 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவும், 22 அன்று எண்ணிக்கையும் நடந்தன. வார்டுத் தேர்தலில் ஒரு தெருவின் வாக்கே முடிவை மாற்றவல்லது. ஆகவே, எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

குடவோலை கற்பிக்கும் பாடம்

பரிசோதனை கேட்பது அவமதிப்பு என்று சிலர் கருதுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஓலைகள் இடப்பட்ட குடத்தை அனைவரும் காணத் தூக்கிக் காட்டவேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்கவேண்டும். அதனைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்கவேண்டும். அவர் வாசித்தபின், அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்கவேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குத் தகுதியே இல்லை.

ஓலையைப் பெற்றவர் பொய்யர் என்பதாலா விரல்களை விரிக்கச் சொன்னார்கள்? இல்லை. அவர் நேர்மையானவர் என்பது அனைவர் கண்ணுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகவே சொன்னார்கள்.

மறு எண்ணிக்கை கேட்கும் முறை

வாக்கு எண்ணும் மேசையருகே வேட்பாளரின் முகவர் அமர்வதற்குச் சட்டம் இடம் தந்துள்ளது. அவருடைய வேலை ஆரவாரம் செய்வதன்று, குறித்துக்கொள்வது. ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகள் எத்தனை, எண்ணப்பட்டவை எத்தனை, செல்லாதவை எத்தனை என்பவற்றை எழுதி வைத்தவரே பின்னர்க் காரணத்தோடு பேச முடியும்.

எண்ணிக்கை முடிந்து தொகைகள் வாசிக்கப்பட்டவுடன், வெற்றி பெற்றவர் யாரென்று முறைப்படி அறிவிக்கும் முன்னர், வேட்பாளரோ அவருடைய முகவரோ தேர்தல் நடத்தும் அலுவலரிடம் மறு எண்ணிக்கை கோரலாம். கோரிக்கை எழுத்தில் இருக்கவேண்டும், காரணமும் கூறவேண்டும். முழுமையாகவோ ஒரு பகுதியையோ எண்ணச் சொல்லி அலுவலர் ஆணையிடலாம். ஆதாரமற்றது எனக் கண்டால் காரணம் எழுதி மறுக்கலாம். முடிவை அறிவித்துவிட்டபின் அதனை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதன்பின் எஞ்சியிருப்பது நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யும் வழி ஒன்றே. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி அம்மனுவை மாவட்ட நீதிபதியிடம் 45 நாட்களுக்குள் அளிக்கவேண்டும். மாநகராட்சி, நகராட்சித் தேர்தலாயின், அதற்குரிய காலக்கெடுவை வழக்கறிஞரிடம் உடனே கேட்டறிதல் வேண்டும்.

மறு எண்ணிக்கை கேட்டவர்க்கெல்லாம் கிடைப்பதன்று. தமிழகத்துக் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் ஒன்றைக் குறித்த வழக்கில், 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. மறு எண்ணிக்கைக்கான நியாயம், அதனைக் கேட்கும் வேளையிலேயே ஆதாரத்தோடு நிற்கவேண்டும். எண்ணிப் பார்த்தபின் கிடைத்த தொகையைக் காட்டி அதனை நியாயப்படுத்தலாகாது. வாக்கின் இரகசியத்தைக் காக்கவே இக்கண்டிப்பு. வெறும் சந்தேகத்திற்காகப் பெட்டியைத் திறப்பதாயின், எந்தத் தேர்தலும் முடிவுறாது.

காலம் தாழ்ந்த நீதி

அரியானா மாநிலம், பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாகூ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 2022 நவம்பரில் ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு சாவடியின் கணக்கில் இரு வேட்பாளர்களின் தொகைகள் இடம் மாறிவிட்டன என்பது தோற்றவரின் முறையீடு. வழக்கு பல படிகள் ஏறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. இயந்திரங்களைத் தில்லிக்கே வரவழைத்து, 2025 ஆகஸ்டில் தன் பதிவாளர் முன்னிலையில், இரு தரப்பாரும் காண, அந்நீதிமன்றம் எண்ணச் செய்தது. முறையிட்டவருக்கு 1051, மற்றவருக்கு 1000. தோற்றவராகக் கருதப்பட்டவரே வென்றவர்! ஆயினும் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுகள் கரைந்துவிட்டன.

நம் மாநிலத்து இராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் வரலாறும் இத்தகையதே. 2016இல் அங்கு வெற்றி வேறுபாடு வெறும் 49 வாக்குகள். 203 அஞ்சல் வாக்குகளையும் இறுதி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணும்படி 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது, எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2021இல் அச்சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோயிற்று. எண்ணிக்கை நாளில் மேசையருகே தெளிவாகும் ஐயத்தைத் தீர்க்க, நீதிமன்றத்தில் ஆண்டுகள் வேண்டியுள்ளன என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

தணிக்கை என்பது யாது?

மறு எண்ணிக்கை, ஒருவர் முறையிட்டபின் நடப்பது. தணிக்கையோ எவர் முறையிட்டாலும் முறையிடாவிட்டாலும் வழக்கமாக நடப்பது. வீட்டு வரவு செலவை மாத முடிவில் கூட்டிப் பார்க்கும் இல்லத்தரசி, குடும்பத்தாரைத் திருடர் என்று எண்ணியா அவ்வாறு செய்கிறார்? நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் தேர்ந்து, அவற்றின் தாள் சீட்டுகளை இயந்திரத் தொகையோடு ஒப்பிடவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது. தோல்வியுற்றோரில் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர் ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டுக் கட்டணம் செலுத்தினால், தொகுதிக்கு நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களைப் பரிசோதிக்கலாம் என 2024 ஏப்ரலில் அது தீர்ப்பளித்தது. இயந்திரத்தில் மோசடி நிகழ்ந்தது உறுதியானால் கட்டணம் திருப்பித் தரப்படும்.

நம் பகுதியின் 2022 தேர்தலில் இயந்திரங்கள் இருந்தன; தாள் சீட்டு வசதி இல்லை. இத்தகைய தேர்தலில் சாவடிக் கணக்கும், அதனைக் கவனமாகக் குறித்துக்கொள்ளும் முகவருமே முதற் காவல்.

குடும்பங்களின் கடமை

எனவே, வேட்பாளராக நிற்பவர் கோஷமிடுபவரை அன்று, கூட்டல் கணக்கில் வல்லவரை முகவராக அனுப்புவாராக. படித்த நம் இளைஞரும் பெண்களும் இப்பணிக்கு முன்வருவார்களாக. வெற்றி பெற்றவர், "என்னைச் சந்தேகிப்பதா?" என்று சினங்கொள்ளாமல், மறு எண்ணிக்கையை வரவேற்பாராக, அவருடைய வெற்றிக்கு அது நற்சான்றேயாகும். தோற்றவர் ஐயமிருந்தால் உரிய நேரத்தில், உரியவரிடம், எழுத்தில் கேட்பாராக. கேட்டு விடை பெற்றபின், அல்லது கேட்கும் காலத்தைக் கடத்திவிட்டபின், அப்பேச்சைத் தம் வாயாலும் தம் வீட்டாராலும் வளர்க்காதிருப்பாராக.

ஆதாரத்தோடு கேட்கும் கேள்வி உரிமை; ஆதாரமின்றிப் பரப்பும் வதந்தி அயலார் மீது சாட்டும் பழி. தண்ணீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் நாம் அனைவரும் சேர்ந்தே மன்றத்தின் வாயிலில் நிற்கவேண்டியவர்கள். எண்ணிக்கை முடிந்த மறுநாளும் அடுத்த வீட்டாரின் முகம் பார்த்துப் பேச முடிகின்ற தெருவே தேர்தலை ஒழுங்காக நடத்திய தெரு.