அடகுக் கடைக்குப் போகும் முன்

வீட்டில் ஒருவருக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. போதாததற்கு வட்டிக்குக் கடன். கலெக்டர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டைக்கென்று ஒரு மையம் இருப்பது பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது.

அந்த அட்டைக்குரிய அரசுத் திட்டம் 2009-இல் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்து, 2012-இல் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. ஆட்சி மாறினால் பழையதை மூட்டை கட்டிவிடும் ஊரில், இது பிழைத்ததே பெரிது. இப்போது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் சேர்ந்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியத்தை அரசே கட்டிவிடும். முன்பு 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு இப்போது 1,20,000. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வரம்பும் இல்லை.

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் அந்த மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். மூன்றில் இழுத்தடிப்பது வருமானச் சான்றுதான். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு கிராம நிர்வாக அலுவலரை (வி.ஏ.ஓ.) தேடி அலைவதைவிட, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

அட்டை கையில் இருந்தும் கோட்டை விடுபவர்கள் உண்டு. இத்திட்டத்தில் பணம் நோயாளியின் கைக்கு வராது. மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்கு விவரம் அனுப்பி, முன்அனுமதி பெற்று, செலவை அங்கேயே வாங்கிக்கொள்ளும். கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு பில்லை நீட்டினால் பெரும்பாலும் கிடைக்காது. எனவே அட்மிஷன் போடும்போதே, முன்பணம் கட்டும் முன்பே, அட்டையைக் காட்ட வேண்டும். இன்னொரு சிக்கல்: திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனை எல்லா நோய்க்கும் அங்கீகாரம் பெற்றிருக்காது. இதயத்துக்கு இருக்கும், எலும்புக்கு இருக்காது. ‘இந்தச் சிகிச்சைக்கு இங்கே அட்டை செல்லுமா?’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தாலோ, தனியாகப் பணம் கேட்டாலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் அட்டையைக் காட்டலாம். அந்தக் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்கிறது. சாதாரணக் காய்ச்சல், தலைவலிக்கு அட்டை உதவாது.

சாலை விபத்து என்றால் கதை வேறு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டிருந்தால் போதும். வருமானமும் கேட்பதில்லை, சொந்த மாநிலமும் கேட்பதில்லை.

கண்ணுக்கு மதுரை அரவிந்த் மருத்துவமனை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது. கட்டணம் செலுத்துவோரின் பணம் ஏழைகளின் புரை ஆபரேஷனுக்கும் கைகொடுக்கிறது. ஊர்தோறும் நடக்கும் முகாமில் தேர்வானால் போக்குவரத்தும் சாப்பாடும்கூட அவர்கள் பொறுப்பு.

ஆலைத் தொழிலாளர்கள் முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் ஆகிறது, முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். இதில் காய்ச்சலுக்கும் மருந்து உண்டு, குடும்பத்தாருக்கும் வைத்தியம் உண்டு. மாதாமாதம் காசு பிடித்தமாகியும், டிஸ்பென்சரி எந்தத் தெருவில் என்று தெரியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள்.