சர்வர் படுத்தாலும் லாரி நிற்காமல் இருக்க

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகும் ஒரு சரக்கு லாரிக்குப் பின்னால் பல கணினி அமைப்புகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. லோடு பதிந்து லாரி ரசீது போடுவது டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் மென்பொருள். சரக்கின் மதிப்பு வரம்பைத் தாண்டினால் ஈ-வே பில் தருவது அரசின் தளம். பரனூர் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டணத்தைப் பிடிப்பது வங்கிகளின் வலையமைப்பு. வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்கும் சரக்கு அனுப்பியவருக்கும் காட்டுவது ஜி.பி.எஸ். சேவை. சரக்குப் போக்குவரத்து மென்பொருளின் நம்பகத்தன்மை என்பது இவை எல்லாம் சேர்ந்து, நடுராத்திரியிலும் மாதக் கடைசியிலும், வண்டியை நிறுத்தாமல் வேலை செய்வதுதான்.

இந்தப் பகுதியின் சாலை அமைப்பே அந்த வேலையைக் கடினமாக்குகிறது. இரும்புலியூர் அருகே பிரிந்து புழல் வரை போகும் 32 கிலோமீட்டர் பைபாஸ், வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலை, ஒரகடம் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலை ஆகியவை சில கிலோமீட்டருக்குள் கூடுகின்றன. பகலில் சென்னை நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. அதனால் லோடு ஏற்றுவதும் பில் போடுவதும் நாள் முழுக்கச் சீராகப் பரவாமல் மாலையிலும் இரவிலும் குவிகின்றன. மென்பொருளுக்கு வரும் கோரிக்கைகளும் அதே நேரத்தில்தான் குவியும்.

இப்படிக் குவியும்போது என்ன நடக்கும் என்பதை நாடே 2018 பிப்ரவரி 1 அன்று பார்த்தது. அன்றுதான் ஈ-வே பில் நாடு முழுவதும் கட்டாயமானது. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய தளம் முதல் நாளே சுமை தாங்காமல் திணறியது. கட்டாயம் அன்றே தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது ஒரே அடியாக இறங்கவில்லை. ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு மட்டும் கட்டாயமாக்கினார்கள். மாநிலத்துக்குள் போகும் சரக்குக்குச் சில மாநிலங்களாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். தமிழ்நாட்டின் முறை ஜூன் 2 அன்று வந்தது. நாளொன்றுக்கு 75 லட்சம் பில்களைத் தாங்கும்படி தளம் வலுப்படுத்தப்பட்டதாக அப்போது அரசு அறிவித்தது. திறனைக் கூட்டியது பாதி வேலை என்றால், சுமையைப் பகுதி பகுதியாக ஏற்றியது மீதிப் பாதி. அந்த இரண்டாம் பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்குக்கு இந்தப் பில் வேண்டும். பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி எண் இருக்கும். வழியில் வண்டி பழுதாகி வேறு லாரிக்குச் சரக்கை மாற்றினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பில்லுக்குக் காலக்கெடுவும் உண்டு. சரியான பில் இல்லாமல் அதிகாரிகளிடம் சிக்கினால் சரக்கும் வண்டியும் முடக்கப்படும். விடுவிக்க வரியைப் போல இரு மடங்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும். ஆக, டிரான்ஸ்போர்ட் ஆபீஸின் சர்வர் இரவு ஒன்பது மணிக்கு நாற்பது நிமிடம் படுத்துக்கொண்டால், அது வெறும் கணினிக் கோளாறாக முடிவதில்லை. லோடு ஏற்றிய வண்டிகள் செட்டிலேயே நிற்கின்றன, அல்லது துணிந்து பில் இல்லாமல் கிளம்புகின்றன.

ஃபாஸ்டேக்கின் ஏற்பாடு இதற்கு நேர்மாறு. டேக் செல்லுபடியாகி, கணக்கில் பணமும் இருந்து, டோல்கேட்டின் கருவி வேலை செய்யாவிட்டால், வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும் என்று 2018-இலேயே விதி வந்தது. கருவி கெட்டால் கதவு திறக்கும் என்பது அங்கே எடுத்த முடிவு. பில் விஷயத்தில் கதவு மூடியே இருக்கும். ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த முடிவை யாராவது எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால், கோளாறு நேரத்தில் அது தானாகவே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் மோசமான முடிவாகவே இருக்கும்.

பழைய ஏற்பாட்டில் மென்பொருள் முழுவதும் ஒரே சர்வரில் இருக்கும். அந்த சர்வர் பல இடங்களில் புக்கிங் ஆபீஸின் பின்னறையில் இருக்கும். தாம்பரத்தில் அது எவ்வளவு ஆபத்து என்பதை 2015 டிசம்பர் காட்டியது. டிசம்பர் 1 தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. மின்சாரமும் தொலைபேசியும் போயின. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாமல், டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பே வெளிவரவில்லை. தரைத்தளத்துச் சர்வருக்கு அத்தகைய இரவில் என்ன கதி என்று விளக்க வேண்டியதில்லை.

சர்வரை வாடகைக்கு எடுத்து வேறு ஊரில் வைப்பது முதல் படி. மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை, மும்பை, புனே ஆகிய மூன்று இடங்களில் கிளவுட் சேவையைத் தொடங்கியது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. ஆனால் இடம் மாறினால் மட்டும் போதாது. மும்பையில் இருந்தாலும் ஒற்றைச் சர்வர் ஒற்றைச் சர்வர்தான்.

அடுத்த படிதான் கண்டெய்னர். துறைமுகத்து இரும்புப் பெட்டிக்கும் அதே பெயர் என்பதால், மென்பொருளுக்கானதை இங்கே கொள்கலன் என்று குறிப்பிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். ஒரு நிரலையும், அது ஓடுவதற்கு வேண்டிய துணைக் கோப்புகள், அமைப்புகள் அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டிவிடுவதே கொள்கலன். எந்த சர்வரில் இறக்கினாலும் அந்தப் பொதி ஒரே மாதிரி ஓடும். அடியில் இருப்பது லினக்ஸ் இயங்குதளத்தின் இரண்டு வசதிகள்: ஒரு நிரல் மற்றவற்றைப் பார்க்க முடியாதபடி வேலி போடுவது ஒன்று, அதற்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலித் திறன் என்று அளவு கட்டுவது மற்றொன்று. இவற்றை எல்லோரும் பயன்படுத்தும்படி எளிமையாக்கிய டாக்கர் 2013-இல் வெளியானது. லாரி ரசீது போடும் பகுதி, ஈ-வே பில் பகுதி, ஜி.பி.எஸ். பகுதி, கணக்குப் பகுதி என்று மென்பொருளைத் தனித்தனிக் கொள்கலன்களாகப் பிரித்துவிட்டால், மாதக் கடைசி கணக்கு அறிக்கை நினைவகத்தை விழுங்கினாலும் ரசீது போடும் பகுதி அசையாது.

இந்தக் கொள்கலன்களை மேய்ப்பதற்கு ஒரு தளம் வேண்டும். கூகுள் தன் உள் அமைப்பான போர்க்கின் அனுபவத்திலிருந்து உருவாக்கி, 2014-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட குபர்நேட்டிஸ்தான் இன்று பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. ‘ஈ-வே பில் பகுதிக்கு எப்போதும் மூன்று பிரதிகள் ஓட வேண்டும்’ என்று அதனிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். எத்தனை ஓடுகின்றன என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று செத்தால் இன்னொன்றை எழுப்பும். பதில் சொல்லாத பிரதிக்குக் கோரிக்கைகளை அனுப்பாது. மூன்றையும் வெவ்வேறு தரவு மையங்களில் வைக்கச் சொல்லலாம்.

இதில் விற்பனையாளர்கள் சத்தமாகச் சொல்லாத ஒரு விவரம் உண்டு. ஒரு சர்வர் முழுவதும் தொடர்பிழந்தால், அதற்குப் போகும் கோரிக்கைகளைக் குபர்நேட்டிஸ் சுமார் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடும். ஆனால் அங்கே இருந்த கொள்கலன்களை வேறு இடத்தில் எழுப்ப, இயல்பான அமைப்பில், ஏறக்குறைய 5 நிமிடம் காத்திருக்கும். சிறு வலைத் தடங்கலுக்கெல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே ஒரே பிரதியை ஓடவிட்டு, ‘குபர்நேட்டிஸ் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்’ என்று இருப்பவருக்கு அந்த 5 நிமிடமும் இருட்டுதான்.

சுமை கூடும்போது பிரதிகளைத் தானாகக் கூட்டுவதும், இரவு இரண்டு மணிக்குக் குறைப்பதும் இந்தத் தளத்தின் அடுத்த வசதி. மாலை நெரிசலுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஜி.பி.எஸ். தரவில் கதை கொஞ்சம் வேறு. வண்டிக் கருவிகள் சிக்னல் இல்லாத இடத்தில் பதிவுகளைத் தமக்குள் சேமித்துவைத்து, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். ஒரு செல்பேசி நிறுவனத்தின் சேவை மாவட்ட அளவில் அரை மணி நேரம் நின்று திரும்பினால், நூற்றுக்கணக்கான வண்டிகளின் அரை மணி நேரப் பதிவு சில நொடிகளில் வந்து மோதும். புதுப் பிரதிகள் எழுந்து நிற்பதற்குள் பழையவை மூழ்கிவிடும். அதனால் வரும் தரவை முதலில் ஒரு வரிசையில் வாங்கி வைத்து, பிறகு நிதானமாக எடுத்துச் செயல்படுத்தும் அமைப்புதான் இங்கே காப்பாற்றும்.

மென்பொருளை மாற்றும் நேரம் இன்னொரு தலைவலி. வங்கிகள் போல ‘இரவு பராமரிப்பு’ என்று அறிவித்துவிட்டு மூட இந்தத் தொழிலில் வழியில்லை, ஏனென்றால் இரவுதான் தொழில். கொள்கலன் தளத்தில் புதிய பதிப்பின் ஒரு பிரதியை எழுப்பி, அது தயார் என்று உறுதியான பிறகே பழையதில் ஒன்றை அணைத்து, இப்படி ஒவ்வொன்றாக மாற்றலாம். தகராறு என்றால் பழைய பொதி அப்படியே இருக்கிறது, திரும்பிவிடலாம். கொள்கலன்களால் கிடைக்கும் லாபங்களில் இதுவே பெரியது. சர்வர்கள் தாமாகச் சாவதைவிட, மனிதர்கள் செய்யும் மாற்றங்களால் அமைப்புகள் படுப்பதே அதிகம்.

‘தயாரா’ என்பதோடு ‘உயிரோடு இருக்கிறதா’ என்றும் தளம் சோதிக்கும்; அந்த இரண்டாவது கேள்வியை எழுதுவதில்தான் பல குழுக்கள் கோட்டைவிடுகின்றன. ஈ-வே பில் பகுதி உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அரசுத் தளத்தைத் தொட்டுப் பார்க்கும்படி சோதனையை எழுதுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் அரசுத் தளம் பத்து நிமிடம் மந்தமானால், நல்ல நிலையில் இருக்கும் எல்லாக் கொள்கலன்களையும் ‘செத்துவிட்டன’ என்று முடிவுகட்டி, குபர்நேட்டிஸ் மீண்டும் மீண்டும் கொன்று எழுப்பும். வெளியில் இருந்த கோளாறு இப்படி வீட்டுக்குள் வந்துவிடும். தன் உடல்நிலையை மட்டுமே சோதிக்க வேண்டும். பிறர் நோயைத் தனியாகக் கையாள வேண்டும்.

பிறரைச் சார்ந்திருப்பதன் விலையைக் கணக்கு சொல்லும். 99.9 சதவீதம் இயங்கும் சேவை 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம். அத்தகைய மூன்று சேவைகள் சங்கிலியாக இருந்து மூன்றும் இருந்தால்தான் வண்டி கிளம்பும் என்றால், நிற்கும் நேரம் ஏறக்குறைய 2 மணி 10 நிமிடமாகிறது. அரசும் இந்தப் பக்கத்தை உணர்ந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் ஈ-வே பில்லுக்கு இரண்டாவது தளம் ஒன்று இயங்குகிறது. இரண்டும் சில நொடிகளில் தரவைப் பரிமாறிக்கொள்வதால், முதல் தளத்தில் எடுத்த பில்லின் வண்டி எண்ணை இரண்டாவதில் மாற்ற முடியும். டிரான்ஸ்போர்ட் மென்பொருள் அந்த இரண்டாவது வழியைத் தெரிந்துவைத்திருந்தால்தான் இதனால் பயன்.

மறுமுயற்சியிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பில் கேட்டு அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வருவதற்குள் கொள்கலன் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புதிய பிரதி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். அரசுத் தளமோ அதே ஆவண எண்ணுக்கு ஏற்கெனவே பில் இருக்கிறது என்று மறுத்துவிடும். இதைப் பிழை என்று திரையில் காட்டினால் புக்கிங் கிளார்க் ஆவண எண்ணை மாற்றிப் புதுப் பில் போடுவார். ஒரே சரக்குக்கு இரண்டு பில்லாகிவிடும். அந்த மறுப்பை ‘பில் கிடைத்துவிட்டது’ என்று புரிந்துகொண்டு, பழைய எண்ணைத் தேடி எடுத்துக் காட்டும்படி நிரல் எழுதப்பட வேண்டும். இதை எந்தக் கொள்கலன் தளமும் செய்து தராது. சரக்குத் தொழில் தெரிந்தவர்தான் எழுத வேண்டும்.

தரவு இன்னொரு தனி உலகம். கொள்கலன் செத்தால் புதிது எழும். தரவுத்தளம் அழிந்தால் எழாது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. உலகம் முழுக்க அந்த நிறுவனத்தின் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் பத்து நாளில் புதிதாக நிறுவப்பட்டன. யாருக்கு எந்த அனுமதி என்ற அடிப்படைப் பதிவு எல்லா இடங்களிலும் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்ததால் எல்லா நகல்களும் சேர்ந்தே அழிந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒரே ஒரு சர்வரில்தான் அது தப்பியிருந்தது. உடனுக்குடன் எடுக்கும் நகல் அழிவையும் உடனுக்குடன் நகலெடுத்துவிடும் என்பதால், தொடர்பு அறுத்துத் தனியே வைத்த காப்பும் வேண்டும். அந்தக் காப்பிலிருந்து மீட்டுப் பார்க்காமல் இருப்பது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுப்பது போல.

கொள்கலன் தளமும் படுக்கும். 2023 மார்ச் 14 அன்று ரெடிட் தளம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றது. குபர்நேட்டிஸைப் புதுப்பித்தபோது அதில் நீக்கப்பட்டிருந்த ஓர் அடையாளப் பெயரைப் பழைய அமைப்பு ஒன்று நம்பியிருந்ததே காரணம். 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவில் அமேசானின் கிளவுட் தடுமாறியபோது, அதன் சொந்த டெலிவரி ஓட்டுநர்களே வழித்தடம் கிடைக்காமல் காத்திருந்தார்கள்.

இருபது லாரி வைத்திருப்பவர் குபர்நேட்டிஸைத் தானே நடத்துவது வீண் செலவு. அதை இரவு பகலாகக் கவனிக்கும் ஆளின் சம்பளமே ஒரு வண்டியின் தவணையைத் தாண்டும். அவர் மென்பொருளை மாத வாடகைக்கு எடுப்பவர். விற்க வருபவரிடம் அவர் கேட்க வேண்டியவை வேறு: ஈ-வே பில் பகுதிக்கு எத்தனை பிரதி, அவை ஒரே தரவு மையத்திலா? காப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? அரசுத் தளம் நின்றால் திரையில் என்ன வரும்? இரவு பதினொரு மணிக்கு போன் எடுப்பது யார்? இவற்றுக்குப் பதில் வாங்கிய பிறகும், பில் கிடைத்தவுடன் அதன் அச்சுப் பிரதியை ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. பில்லைக் காகிதமாகவோ, எண்ணை மின்னணு வடிவிலோ வைத்திருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. வண்டி செங்கல்பட்டைத் தாண்டிய பின் சர்வர் படுத்தாலும் சோதனையில் காட்ட அந்தத் தாள் போதும்.